ஏழு கலர் பட்டன்

"ஏழு கலர்ல மின்னும்னு நோட்டீஸ் அடிச்சாச்சு. இப்ப வந்து ரெண்டே கலர்தான்னா எப்படிடா?"

பொங்கல் விழாக் கமிட்டித் தலைவர் அரங்கநாதன் தெருவென்றும் பாராமல் கத்தினார். கிறிஸ்டோபர் தலையைச் சொறிந்தான்.

கூட்டத்துக்கு நடுவே மேசைமேல் இருந்தது அந்த விளையாட்டுப் பெட்டி. பக்கத்தில் ஒரு பழைய டிவி. பெட்டியைப் பிளைவுட்டில் அறுத்து, பட்டன்களுக்குப் பன்னிரண்டு ஓட்டை போட்டுக் கொடுத்தவன் பீமாராவ். செஞ்சி பஜாரில் தச்சுப் பட்டறை வைத்திருப்பவன். ஒயரிங் முழுக்க அவன் கூட்டாளி கிறிஸ்டோபர். டிவி, இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்ப்பவன்.

"சிப்பு எரிஞ்சு போச்சுண்ணா. அஞ்சு வோல்ட் குடுக்க வேண்டிய எடத்துல பன்னெண்டு குடுத்துட்டேன். கையில இருந்த பழைய சிப்பப் போட்ருக்கேன். அதுல நீலமும் வெள்ளையும்தான் வரும். என் தப்புதான்."

"ரிப்பேர் கடை வச்சிருக்கறவனுக்கு வோல்ட் தெரியலயாம்!" என்றது ஒரு குரல்.

"இனிமே இவன்கிட்ட கலர் டிவி குடுத்தா, பிளாக் அண்ட் ஒயிட்டாதான் திரும்பி வரும்!" என்றான் பீமாராவ்.

தெருவே சிரித்தது. பீமாராவ் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தான். அவனுக்கு மட்டும் அது நிம்மதிச் சிரிப்பு.

நாலு நாளாக அவன் சரியாகத் தூங்கவில்லை.

நாலு நாளைக்கு முன்பு பட்டறையில்தான் ஒயரிங் நடந்தது. ஒரு பட்டனுக்கு அஞ்சு ஒயர். கலருக்கு மூணு, அமுக்குவதற்கு ஒண்ணு, எல்லாப் பட்டனையும் கோர்த்துக்கொண்டு போகும் கருப்பு ஒயர் ஒண்ணு. பெட்டிக்குள் இடியாப்பம் பிழிந்த மாதிரி கிடந்தது. கிறிஸ்டோபர் தலையை உள்ளே விட்டபடி கையை மட்டும் வெளியே நீட்டினான்.

"பச்சை ஒயர எடுடா."

பீமாராவ் எடுத்துக் கொடுத்தான்.

"டேய், இது சிவப்பு."

"பேச்சு வாக்குல கவனிக்கலடா."

அடுத்த தடவையும் மாறிப் போனது. அதற்கப்புறம் கிறிஸ்டோபர் ஒயரை அவனே எடுத்துக்கொண்டான்.

வேலை முடிந்து ஸ்விட்சைப் போட்டதும் பட்டன்கள் கலர் மாறி மாறி மின்னின.

"கலர் ஓடிக்கிட்டே இருக்கும். சிவப்பு வந்தா அடிக்கணும். பச்சை வந்தா தொடக் கூடாது. ஆடிப் பாரு."

பீமாராவ் ஆடினான். பச்சையில் அடித்தான், சிவப்பில் கையை எடுத்தான். டிவியில் முட்டை மார்க்.

"பட்டன் லூசா இருக்குதுடா" என்றான்.

கிறிஸ்டோபர் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தான். "இருக்கும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாக்கறேன்." அதோடு பேச்சை விட்டுவிட்டான்.

பட்டனில் ஒரு குறையும் இல்லை என்பது பீமாராவுக்குத் தெரியும். பிறவியிலிருந்தே அவன் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். ரயில் டிரைவர் பரீட்சையில் பாஸ் பண்ணியும், புள்ளிப் படம் போட்ட புத்தகத்தைக் காட்டிக் கண் டெஸ்டில் வெளியே அனுப்பிவிட்டார்கள். ஊரில் வந்து, "வடநாட்டுல போஸ்டிங் போட்டாங்க. போய்யான்னு தூக்கிப் போட்டுட்டு வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டான். ஊரும் நம்பியது. "கவர்மென்ட் வேலையையே வேணாம்னு சொன்ன மாப்பிள்ளை" என்று மாமனார் இன்றைக்கும் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். கட்டின பெண்டாட்டிக்குக்கூட விஷயம் தெரியாது.

இந்த லட்சணத்தில், "பெட்டி செஞ்சவன்தான் மொதல் ஆட்டம்" என்று அரங்கநாதன் மைக்கில் அறிவித்திருந்தார். ஜுரம் என்று படுத்துக்கொள்ளலாமா என்றுகூடக் காலையில் யோசித்தான் பீமாராவ்.

இப்போது சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை!

"நீலம் எரிஞ்சா அடிக்கணும், வெள்ளை எரிஞ்சா தொடக் கூடாது" என்றான் கிறிஸ்டோபர்.

பீமாராவ் ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை. விசில் பறந்தது. அரங்கநாதன் அவனுக்குத் துண்டு போர்த்தி, "பெட்டி செஞ்சவன் கையப் பாருங்க! ஒயரிங் பண்ணவனும் இப்படி இருந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு. கிறிஸ்டோபரும் கூடவே கை தட்டினான்.

மதியம், பட்டறையில் விட்டுப்போன சால்டரிங் அயர்னைக் கொடுக்கக் கிறிஸ்டோபர் வீட்டுக்குப் போனான் பீமாராவ். கிறிஸ்டோபர் டிவியைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தான். அவன் மனைவி ஜாஸ்மின்தான் வாசலுக்கு வந்தாள்.

"இன்னாமா, மொகம் ஒரு மாதிரி இருக்குது?"

"நீங்களும் சேர்ந்து சிரிச்சீங்களேண்ணா."

"சும்மா தமாசுக்குமா. சிப்ப எரிச்சுட்டான்ல, அதான்..."

"எதுவும் எரியலண்ணா. நேத்து சாயங்காலம் வரைக்கும் ஏழு கலரும் ஜம்முனு எரிஞ்சுது. இவருதான் உக்காந்து எல்லாத்தையும் ரெண்டு கலரா மாத்துனாரு."

"எதுக்கு?" என்றான் பீமாராவ்.

"ஆட வர்றவங்கள்ல ஒருத்தருக்குச் சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாதாம். நாலு பேருக்கு முன்னாடி அவரு அசிங்கப்படக் கூடாதாம். தன்னைப் பாத்து எவ்வளவு வேணா சிரிச்சுட்டுப் போகட்டும்ன்றாரு. யாருன்னு கேட்டா என்கிட்டகூட வாயத் தொறக்க மாட்டேன்றாரு."

சால்டரிங் அயர்னைக் கையில் வாங்கிக்கொண்டே ஜாஸ்மின் கேட்டாள்:

"நம்ம தெருவுல அப்படி யாருண்ணா இருக்காங்க? உங்களுக்காவது தெரியுமா?"