உப்பு என்று எழுதியவள்

மூன்றாம் வகுப்பு அறிவியல் விடைத்தாள்களைத் திருத்தித் திருத்திச் சிவப்புப் பேனாவுக்கு அலுத்துவிட்டது. "தண்ணீரின் சுவை என்ன?" என்ற கேள்விக்கு எல்லாப் பிள்ளைகளும் "சுவையற்றது" என்றே எழுதியிருந்தார்கள். செவ்வந்தி மட்டும் "உப்பு" என்று எழுதியிருந்தாள். பேனா தப்புப் போட்டது.

"ஏம்ப்பா தப்புப் போட்ட?" என்று கேட்டது, ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கூடக் குழாயில் சங்கிலியால் கட்டியிருந்த டம்ளர்.

"புத்தகத்துல சுவையற்றதுன்னுதான் இருக்கு. நான் என்ன செய்ய?"

"எல்லாப் பிள்ளைங்களும் என்கிட்டதான் குடிக்குதுங்க. மூஞ்சியைச் சுளிச்சுக்கிட்டே. நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரேன்."

"எனக்கு மைதான் இறங்கும், விடு" என்றது பேனா சலிப்போடு.

அதற்குள் டீச்சருக்குத் தாகம் எடுத்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.