மூன்றாவது ஊசி

“என் புருஷன் உடம்பு என்ன, தையல் பழகுற துணியா?”

தோம்னிகா பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள். கிரயோவா நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரி அது. ஈஸ்டருக்கு மூன்றே நாள். ஊரெல்லாம் முட்டைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றிக்கொண்டிருக்க, அவள் மட்டும் வராந்தா பெஞ்சே கதியென்று கிடந்தாள்.

கணவன் சபினுக்குக் கணையத்தில் ஒரு சின்னக் கட்டி. வாய் வழியாகக் குழாயை விட்டு, உள்ளிருந்தபடியே ஸ்கேன் எடுக்கும் புது மெஷின் ஒன்றை அங்கே சோதித்துக்கொண்டிருந்தார்கள். கட்டி கெட்டியாக இருந்தால் திரையில் நீலம் தெரியும், புற்றுநோயாக இருக்கலாம். மென்மையாக இருந்தால் பச்சை, வெறும் வீக்கம். மெஷின் சொன்னது சரிதானா என்று ஊசியால் சதை எடுத்தும் பார்ப்பார்கள்.

சபினுக்குப் பச்சை. நர்ஸ் பெத்ரூத்சாவே திரையைக் காட்டி, கவலையை விடுங்கள் என்றாள். தோம்னிகா மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள்.

முதல் ஊசியிலும் ஒன்றும் இல்லை. அனுப்பிவிட வேண்டியதுதானே? டாக்டர் வொய்னெஸ்கு விடவில்லை. படத்தில் ஏதோ உறுத்துகிறது என்று இரண்டாவது முறை குத்தினார். அதிலும் ஒன்றும் இல்லை. இப்போது மூன்றாவதாம். அதுவும் நாளைக்கு, புனித வெள்ளியன்று.

“கிழவருக்குப் புது மெஷினைக் கண்டா வயித்தெரிச்சல். அது சொன்னது சரின்னு ஒத்துக்க மனசு வரலை. அதுக்கு என் வீட்டுக்காரர்தான் கிடைச்சாரா?”

வீட்டில் சுட்டு எடுத்துவந்த இனிப்பு ரொட்டியை நர்ஸுக்கு முழுசாகக் கொடுத்தாள். டாக்டருக்கு ஒரு துண்டுகூட இல்லை. டாக்டரை வெறுங்கையோடா பார்ப்பது என்று நாலு பேர் கேட்பார்கள். கேட்கட்டும்.

சபின் மட்டும் சிரித்தான். “ரெண்டு தடவை குத்தியும் உள்ளே ஒண்ணும் இல்லையாம். என் மண்டையைப் பத்தி நீ இருபது வருஷமா சொல்றதுதானே.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது ஊசியில் அகப்பட்டது. புற்றுநோய்தான். ஆனால் ஆரம்பக் கட்டம், வேறெங்கும் பரவவில்லை. பண்டிகை முடிந்ததும் ஆபரேஷன் செய்து முழுசாக எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் தோம்னிகா டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“உங்களைப் போய் வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே டாக்டர். நீங்க விட்டிருந்தா இவர் ஒரு வருஷம் தாங்கியிருப்பாரா? அந்தப் பாழாப்போன மெஷினைச் செஞ்சவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்.”

“விட்டுடுங்கம்மா. பாவம், உங்க வீட்டுக்காரர் பிழைச்சதுல அவனுக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு, அடுத்த நோயாளியைப் பார்க்கப் போனார் வொய்னெஸ்கு.

பெத்ரூத்சா அவளைத் தனியே அழைத்தாள்.

“அக்கா, அந்த மெஷினைச் செஞ்சதே அவர்தான். ஆறு வருஷ உழைப்பு. சோதிக்கிற நூறு பேர்ல அஞ்சு தப்பு வரைக்கும்தான் மெஷினை ஒத்துக்குவாங்க. அந்த அஞ்சும் ஏற்கெனவே ஆயிடுச்சு. நூறாவது ஆள் உங்க வீட்டுக்காரர். விதிப்படி ஒரு ஊசி போதும். அதோட நிறுத்தியிருந்தா அவர் மெஷின் ஜெயிச்சிருக்கும்.”