முதுகில்லாத சட்டை

இரண்டு பேர் கைகளை இறுகப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் கத்தரிக்கோலோடு முதுகுப்பக்கம் வந்தான். "ஐயோ, வேண்டாம்ப்பா! என் பெண்டாட்டி என்னைக் கொன்னே போட்டுடுவா!" என்று அலறினார் பல் டாக்டர்.

கத்தரிக்கோல் இரக்கமே பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக மற்றவர்களை நாற்காலியில் சாய்த்து அலறவைத்த மனிதர் இன்று நின்றபடியே அலறினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

கத்தரிக்கோல்காரன் வேறு யாருமில்லை, அவருக்கு விமானம் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் கேப்டன்தான். சற்று முன்புதான் அந்தச் சின்ன விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொல்லி இறங்கினான். காலியான தன் இருக்கையின் பெல்ட்டை மாட்டிவிட்டு, "தனியா ஒரு சுத்து சுத்திட்டு வாங்க டாக்டர்" என்று கதவைச் சாத்திவிட்டான்.

கேப்டனின் எடை குறைந்ததும் விமானம் நினைத்ததைவிடச் சீக்கிரம் மேலே கிளம்பிவிட்டது. டாக்டர் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்க்கவே பயந்து, தனக்குத் தானே உரக்கப் பேசிக்கொண்டே ஒரு சுற்றுச் சுற்றி, சக்கரம் தரையில் இரண்டு குதி குதிக்க விமானத்தை இறக்கினார். இறங்கியதும் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"முதல் தடவை தனியா பறந்துட்டு வந்தா, சட்டை முதுகை வெட்டறது வழக்கம் டாக்டர்" என்றான் கேப்டன். "அந்தக் காலத்துல வாத்தியார் பின்னாடி உட்கார்ந்து, சட்டையைப் பிடிச்சு இழுத்துத்தான் சொல்லித்தருவாராம். இனிமே உங்களை இழுக்க ஆள் வேண்டாமே!"

"இதை முதல் நாளே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன? கண்ணு டெஸ்ட் எடுங்க, காது டெஸ்ட் எடுங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாருங்கன்னு புதுசா சேர்றவங்களுக்கு ஆயிரம் சொல்றீங்க. பழைய சட்டையா போட்டுட்டு வாங்கன்னு ஒருத்தராவது சொன்னீங்களா? இது அவ வாங்கிக் கொடுத்த சட்டைய்யா!"

"பேசாம வீட்ல உண்மையைச் சொல்லிடுங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." கேப்டனுக்கு ஏனோ சிரிப்பு அடங்கவில்லை.

"உங்களுக்கு அவளைத் தெரியாது" என்றார் டாக்டர்.

அவருக்கல்லவா தெரியும்! பைக்கிலிருந்து விழுந்து அவர் தோள்பட்டையை முறித்துக்கொண்டபோது, கட்டுப் பிரிப்பதற்குள் பைக்கை விற்கவைத்தவள். இனி உயிரோடு விளையாட மாட்டேன் என்று தன் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியவள். அவர் ஏணியில் ஏறி பல்பு மாட்டினால்கூடக் கீழே நின்று "பார்த்து, பார்த்து" என்று ஊரைக் கூட்டுகிறவள். விமானம் என்ற பேச்சை எடுத்தாலே அன்றோடு எல்லாவற்றுக்கும் முற்றுப்புள்ளி வைத்துவிடுவாள்.

அதனால் வீட்டைப் பொறுத்தவரை டாக்டர் ஞாயிற்றுக்கிழமைகளில் செஸ் கிளப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். சந்தேகம் வரக்கூடாதே என்று அடிக்கடி தோற்றுவிட்டும் வந்தார்.

அன்று வீட்டுக்குள் நண்டு மாதிரி பக்கவாட்டில் நுழைந்தார். மனைவி கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்தது அவருடைய கிளினிக் கோட்டு. புதன்கிழமை தவறாமல் தையல் வகுப்புக்குப் போகிறவள்தான், ஆனாலும் அந்தக் கோட்டில் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் மாசக்கணக்கில் ஊக்குதான் இருக்கிறது. கேட்டால், "பட்டன் பாடம் இன்னும் வரலைங்க" என்பாள்.

"என்ன, சுவரை ஒட்டியே நகர்றீங்க?"

"முதுகு வலிக்குதும்மா."

"அப்போ திரும்புங்க, தைலம் தேய்ச்சு விடறேன்."

வலிய வந்து மாட்டிக்கொண்டோமே என்று டாக்டர் தன்னையே திட்டிக்கொண்டார். "இல்லை, இப்ப பரவாயில்லை" என்று மழுப்புவதற்குள் அவள் எழுந்து வந்து தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டாள்.

வெட்டின ஓரத்தை அவள் விரலால் தடவிப் பார்ப்பது தெரிந்தது.

"கார் கதவுல மாட்டிக்கிச்சு" என்றார்.

"கதவு கத்தரிக்கோல் வெச்சிருந்துச்சா?"

"இல்லம்மா, கிளப்புல..."

"செஸ்ல தோத்தா சட்டையை வெட்டுவாங்களாக்கும்?"

டாக்டரால் அதற்குமேல் தாக்குப்பிடிக்க முடியவில்லை. சோபாவில் பொத்தென்று உட்கார்ந்து, செஸ் பொய்யிலிருந்து கேப்டன் இறங்கிப் போனது வரை ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார்.

"நீ பயப்படுவேன்னுதான் சொல்லலை. உன் தலையில அடிச்ச சத்தியத்தை மீறினது தப்புதான். இனிமே அந்தப் பக்கமே போகலை, போதுமா?"

சின்ன வயதிலிருந்து ஆசைப்பட்டு, தலை நரைத்த பிறகு கைக்கு வந்த வித்தை அது. ஒரே ஒரு சுற்றோடு அதை விட்டுவிடுவதை நினைத்தால் நெஞ்சு வலித்தது. அவள் கத்துவாள், அழுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார்.

அவள் கத்தவும் இல்லை, அழவும் இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"இறங்கும்போது குதிச்சுதா?"

"ரெண்டு தரம்" என்றார் டாக்டர் பரிதாபமாக.

"பரவாயில்லையே! போன புதன்கிழமை எனக்கு மூணு தரம் குதிச்சுது."