சேஷகிரி இல்லத்தில் படத்திறப்பு

“அதனால, திரையை எடுத்துக் கற்பூரம் காட்டி முடியறவரைக்கும் கூடத்துப் பக்கம் மட்டும் வந்துடாதேங்கோ, மாமி. பெரிய மனுஷாள்லாம் வரா. எதிர்ல நிக்காதேங்கோ, அவ்வளவுதான்.”

கலாமண்டலியின் காரியதரிசி சீனிவாசராகவன் இதைக் கதவு நிலையைப் பார்த்துச் சொன்னார்.

ஆறு வருஷமாக அவர் நிலையிடம்தான் பேசுகிறார். விதவையின் முகத்தில் விழித்துவிட்டு நல்ல காரியம் தொடங்கலாமா? அவருக்கோ விடிந்ததிலிருந்து தொடங்குவதற்கு ஏதாவது ஒரு நல்ல காரியம் இருந்துகொண்டே இருந்தது.

“சரி,” என்றாள் ஜகதாம்பாள்.

“அப்புறம் உங்க பின்கட்டு ரூம். கல்கத்தாவிலேர்ந்து ஒரு சிற்பி தங்க வரார், இடம் இல்லை. ஆனா இன்னிக்குப் படத்தைப் பார்த்துட்டு, ‘அவரேதான்’னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டேள்னா, கமிட்டி உங்களைக் கிளப்பாது. நான் பார்த்துக்கறேன்.”

கிளப்பினால் தும்கூரில் மைத்துனர் வீடு. அங்கே அடுப்படியில் பாய் விரித்துக்கொள்ளலாம். பொழுது விடியுமுன் சுருட்டிவிட வேண்டும்.

இந்த ஜோகுபாளையத்து வீட்டைக் கட்டியவர் அவள் புருஷன் சேஷகிரி. பதினோரு நாவல் எழுதினார். பிறகு ஓர் உயில் எழுதினார். வீடு கலைக்கு; மனைவிக்கு ‘மண்டலியின் சௌகரியப்படி’ ஓர் அறை.

கலை வந்து குடியேறியது. மாடியில் ஒரு கவிஞர் நான்கு மாதமாக நான்கு வரி எழுதிக்கொண்டிருந்தார். மூன்று வேளையும் தவறாமல் சாப்பிட்டார். சனிக்கிழமைதோறும் கச்சேரி. வருகிறவர்கள் சேஷகிரியின் மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவள் உளுந்து காயப்போட்ட மேஜை அது. சேஷகிரி தரையில் உட்கார்ந்துதான் எழுதினார். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

இன்று அவருடைய உருவப்படத் திறப்பு.

வரைந்தவள் மர்பி டவுன் ஜூடித். மாதா கோயில் சுரூபங்களுக்கு வர்ணம் அடித்துப் பழகிய கை. மாடியில் மூன்று மாதம் தங்க மண்டலி இடம் கொடுத்திருந்தது. பார்த்து வரைய ஒரு போட்டோகூட இல்லை. பதினோரு நாவலிலும் மூடநம்பிக்கையைக் கிழித்தவர், போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று கடைசிவரை நம்பினார்.

“ஃபேஸ் வரவே மாட்டேங்குதும்மா. அவுரு எப்டி இருப்பாரு? நீங்க பாட்டுக்குப் பேசிக்கினே இருங்க,” என்று மூன்று நாள் ஜகதாம்பாள் எதிரே உட்கார்ந்து பென்சிலைச் சீவினாள் ஜூடித்.

ஜகதாம்பாள் பேசினாள். ஆனால் அவளுக்கே அந்த முகம் பிடிபடவில்லை. முப்பது வருஷம் அவள் பார்த்தது காகிதத்தின்மேல் குனிந்த ஒரு குடுமியைத்தான். காப்பி வைத்தால் குடுமி ‘உம்’ என்னும். ஆகவே தன் பிறந்த வீடு, அம்மை வந்து போன தம்பி, மார்கழிக் குளிர் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னாள். ஜூடித் அவளைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள்.

நாலு மணிக்கு ஜட்கா வண்டிகள் வந்து நின்றன.

ஜகதாம்பாள் உள்கதவை ஒரு விரல் அளவு திறந்துவைத்துக்கொண்டு நின்றாள். சேஷகிரியோடு ஒரே இலையில் சாப்பிட்டதாக ஒருவர் அழுதார். வந்தவனுக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுக்காத மனுஷன் சேஷகிரி. அவரை உயிரோடு பார்த்தவர்கள் கூட்டத்தில் இரண்டே பேர். ஒருவருக்குக் கண்ணில் புரை. இன்னொருவர் பார்த்து இருபது வருஷம் ஆகிறது.

திரை விலகியது.

“சாட்சாத் அவரே!” என்று முதலில் கத்தியவர் புரைக்காரர்.

“இந்த நெத்தியைப் பாருங்கோ சார்! பதினோரு நாவலும் இதுக்குள்ளேர்ந்துதானே வந்தது!”

ரோஜா மாலை விழுந்தது. கற்பூரம் எரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருவராகப் போய் அந்த முகத்துக்கு நேராக நின்று கும்பிட்டார்கள். மகளுக்கு அடுத்த வாரம் கல்யாணம் வைத்திருந்த ஒருவர், முதல் பத்திரிகையை அதன் முன்னால் வைத்து எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் ஜகதாம்பாளுக்குப் படம் முழுதாகத் தெரிந்தது. ஜரிகைத் தலைப்பாகை. மூடின கோட்டு. அடர்ந்த மீசை. யார் இது? அவர் இல்லை. ஆனால் எங்கேயோ பார்த்த முகம், ரொம்ப நாளாகப் பார்க்காத முகம்.

இடது புருவத்தின் நடுவில் ஒரு வெட்டு.

ஒன்பது வயதில், பிறந்த வீட்டுக் கிணற்றடியில், ராட்டினம் தெறித்துப் பட்ட வெட்டு. அவள் விரலைத் தூக்கித் தன் புருவத்தில் வைத்துப் பார்த்தாள். ஆறு வருஷமாகக் கண்ணாடி பார்க்காதவளின் விரலுக்கு அது தட்டுப்பட்டது.

கூடத்து மூலையில் ஜூடித் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுபடியும் ஒருவர் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். இன்னொருவர் குனிந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். வரும்போது முற்றத்தில் இவளைக் கண்டதும் சட்டென்று திரும்பி, ஒரு நிமிஷம் நின்று, சகுனம் மாற்றிக்கொண்டு உள்ளே போனவர் அவர்.

சீனிவாசராகவன் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“மண்டலித் தலைவர் கேக்கறார், மாமி. சம்சாரத்தோட வாயால ஒரு வார்த்தை வேணுமாம். சத்தமா, அங்கே கேக்கறாப்பல சொல்லுங்கோ. அவரேதானே?”

தலைவர் காதைத் திருப்பி வைத்துக்கொண்டார், முகத்தை அல்ல.

ஜகதாம்பாள் கதவை முழுக்கத் திறந்தாள். நெற்றிவரை இழுத்துவிட்டிருந்த முக்காட்டைப் பின்னால் தள்ளினாள்.

“சொல்றேன். அதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு தரம் இங்கே திரும்பி என் மூஞ்சியைப் பாருங்கோ.”