முதலில் சொல்ல வேண்டியவர்

பாதுகாப்பு அதிகாரியின் அறைக்கு வெளியே அவளால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

கைபேசியை வளாகத்தின் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். விரல்களுக்கு வேலை இல்லாமல், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நாடாவை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

சங்கேதச் செய்திகளைப் பிரித்துப் படிக்கும் அரசாங்கப் பிரிவில் அவளுக்கு வேலை. அங்கே இருப்பவர்கள் சொந்த வாழ்க்கையில் எது மாறினாலும் இந்த அறைக்கு வந்து சொல்லியாக வேண்டும். தங்கை வெளிநாட்டுக்காரனைக் கட்டிக்கொண்டபோது சொன்னாள். வீடு மாறியபோது சொன்னாள். மறைத்து, பின்னால் தெரியவந்தால் வேலைக்கே உலை.

அவள் கணவனுக்கும் இதே வளாகத்தில்தான் வேலை, எதிர்க் கட்டடத்தில். அங்கே அவன் என்ன செய்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்கும் அப்படியே. கேட்கக் கூடாது என்பது விதி.

கல்யாணமான புதிதில் அது வேடிக்கையாக இருந்தது. போகப் போக, வேலையைப் பற்றிக் கேட்காத வாய் வேறு எதையும் கேட்காமல் பழகிவிட்டது.

உள்ளே கூப்பிட்டார்கள்.

அதிகாரிக்குச் சல்லடை என்று பட்டப்பெயர். வந்தவரின் குடும்பத்தையே சலித்து எடுத்துவிடுவார். ஆனால் அவர் காதில் போட்டது வெளியே கசிந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

"உக்காரும்மா. இந்தத் தடவை யார் வெளிநாடு போறாங்க?"

"யாரும் போகல சார். நான்தான் வீட்டை விட்டுப் போறேன். அவரை விட்டு."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது இந்த வாக்கியம் இல்லை.

"வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"சாயங்காலம் சொல்லணும். இங்க சொல்லிட்டா அப்புறம் பின்வாங்க முடியாதுன்னு நெனச்சேன்."

அவளுக்கே அது கூச்சமாக இருந்தது. சட்டுபுட்டென்று எழுதிக்கொண்டு அனுப்பிவிட மாட்டாரா என்றிருந்தது.

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் இதைச் சொல்லக் கூடாதும்மா. போன வருஷம் உங்க வீட்டுக்காரர் வந்து இதையேதான் சொன்னார். பிரியப் போறோம், அவளுக்கு இன்னும் தெரியாதுன்னார்."

முறுக்கிய நாடா அவள் விரலை இறுக்கியது.

"எழுதிக்கிட்டீங்களா சார்?"

"எழுதத்தான் போனேன். ஒரு நாள் பொறுங்க, முதல்ல அவகிட்ட பேசிட்டு வரேன்னு எழுந்து போனார். போனவர் போனவர்தான்."

அவள் விரலிலிருந்து நாடாவைப் பிரித்துவிட்டு எழுந்தாள்.

"நானும் நாளைக்கு வரேன் சார்."

வெளியே வெயில். எதிர்க் கட்டடத்தை நோக்கி நாலு எட்டு வைத்தவள், அங்கே தனக்கு அனுமதி இல்லை என்பது உறைத்து நின்றாள்.

போன வருஷம் ஒரு சாயங்காலம் அவன் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், சமையலறை வாசலில் வெகுநேரம் நின்றிருந்தான்.

என்ன என்று அவள் கேட்கவில்லை.