டாக்டரம்மா போட்ட பாட்டு

கரண்ட் போனபோது ஜெயகுமாரியின் வயிறு திறந்திருந்தது.

குடல்வால் வெடித்து, பக்கத்துப் பேட்டை தின்கன்ஜூனிலிருந்து டாக்சியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்த கேஸ். ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது. கூடவே மூச்சு மெஷினும் நின்றது.

"டார்ச்சைப் பிடி, மஞ்சுளா" என்றார் மயக்க மருந்து டாக்டர் மைமூன். அடுத்த நொடி காற்றுப் பையைக் கையில் எடுத்து அமுக்கத் தொடங்கினார்.

நாற்பது நிமிஷம். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

டார்ச் பிடித்த மஞ்சுளாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தாமுவேயில் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸாகச் சேர்ந்து நாலே நாள். பர்மாவில் சண்டை தொடங்கியதும் மற்ற மயக்க மருந்து டாக்டர்கள் வெளிநாடு போய்விட, இருபத்தாறு வருஷ சர்வீஸ் போட்ட மைமூன் தனி ஆளாக மூன்று ஆபரேஷன் தியேட்டர் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தாள். இன்று கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

கடைசித் தையல் விழவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. மஞ்சுளா வெளியே ஓடினாள்.

"அண்ணே, பொழைச்சுட்டாங்க."

ஜெயகுமாரியின் புருஷன் சொக்கன் அழுதுகொண்டே சிரித்தான்.

மயக்கம் தெளிகிற அறையில் ஜெயகுமாரியைப் படுக்க வைத்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் குடலிறக்க ஆபரேஷன் முடிந்து முழித்திருந்த ஒரு பெரியவர். ஜெயகுமாரி உதட்டை அசைத்து, பர்மியத்தில் ஏதோ முனக ஆரம்பித்தாள்.

உடனே மைமூன் ஒரு ஸ்பீக்கரை எடுத்து, பழைய பர்மியப் பாட்டு ஒன்றை அலறவிட்டார்.

சொக்கன் உள்ளே ஓடிவந்தான்.

"என்ன டாக்டரம்மா இது? செத்துப் பொழைச்சுக் கிடக்கா. அதை நிறுத்துங்க."

"வெளியே இருங்க. தெளிஞ்சதும் கூப்பிடுறேன்."

"ஒரு டாக்டர் செய்யிற காரியமா இது?"

மைமூன் சத்தத்தை இன்னும் கூட்டினார். சொக்கன் முணுமுணுத்துக்கொண்டே வெளியே போனான். அவன் முகத்தைப் பார்க்கவே மஞ்சுளாவுக்குக் கூச்சமாக இருந்தது. இவரையா இவ்வளவு நேரம் தெய்வமாக நினைத்தோம்?

கால் மணி நேரம் கழித்து ஜெயகுமாரி கண்ணைத் திறந்து தெளிவாகத் தண்ணீர் கேட்டாள். அப்போதுதான் பாட்டு நின்றது.

மஞ்சுளாவால் பொறுக்க முடியவில்லை. மைமூன் பின்னாலேயே நடைக்கு வந்தாள்.

"தெளியிற நேரத்துல அமைதியா இருக்கணும்னுதானே, டாக்டரம்மா, நர்ஸ் படிப்புல எங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க?"

மைமூன் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கிறவர் யாரு தெரியுமா? கட்டாயமாப் பட்டாளத்துக்குப் பிடிக்கிற பையன்களோட பேர் எழுதுற ஆபீசர்."

மஞ்சுளாவுக்கு இன்னும் விளங்கவில்லை.

"இந்தம்மா மகன் பேரைச் சொல்லி, 'மாவ்பி ஊர்ல'ன்னு ஆரம்பிச்சாங்க. அரை மயக்கத்துல எல்லா அம்மாக்களும் முதல்ல பிள்ளையைத்தான் கூப்பிடுவாங்க, மஞ்சுளா. இப்பல்லாம் அவன் ஒளிஞ்சிருக்கிற வீட்டையும் சேர்த்துச் சொல்லிடுறாங்க."