ஒடித்த ஸ்பகெட்டி

துக்க வீட்டில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டாள் பெர்னடெட்.

அமெரிக்காவில், பிராவிடன்ஸ் நகரில் எங்கள் தெரு முழுக்க இத்தாலியிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அங்கே அடுப்பு எரியாது. அக்கம்பக்கம்தான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

அசுந்தா அக்கா இறந்து எட்டு நாள். நாங்களும் முறை வைத்து லசான்யா, சூப், இறைச்சி உருண்டை என்று கொண்டுபோய்க் குவித்தோம். அவள் கணவர் எத்தோரே அண்ணன் ஒரு வாய் தொடவில்லை. வெறும் காபிதான். எழுபத்தாறு வயது உடம்பு எத்தனை நாள் தாங்கும்?

"நாளைக்குள்ள சாப்பிடலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடுங்க" என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

அன்று சாயங்காலம் பெர்னடெட்டின் முறை. அண்ணனுக்குத் துணையாக நான் அங்கே இருந்தேன். எதிர்வீட்டு ஐரிஷ்காரி. வெந்நீர் வைக்கச் சொன்னாலும் அடிப்பிடிக்க வைக்கிற கை அவளுக்கு. முதல் நாளே வருகிறேன் என்றாள். நாங்கள்தான் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தோம்.

சமைத்து எடுத்து வருவாள் என்று பார்த்தால், கடைப் பையோடு வந்து நேரே சமையலறைக்குள் நுழைந்தாள்.

"என்னடி இது? இங்க அடுப்பு எரியக்கூடாதுன்னு தெரியாதா?" என்றேன்.

"ஒரே வாணலிதான் ரோசான்னா. அரை மணி நேரத்துல முடிஞ்சுடும்."

"எத்தனை வாணலிங்கறதா இப்ப கேள்வி?"

அவள் காதில் வாங்கவில்லை. அக்காவின் பெரிய இரும்பு வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தாள். சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருந்த அண்ணன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எண்ணெய் காயவே இல்லை. அதற்குள் கறி அடைத்த சாசேஜைத் தோலோடு முழுசாகப் போட்டாள். அது சிவப்பதற்குள் குடைமிளகாய், சுரைக்காய், தக்காளி எல்லாவற்றையும் மேலே கொட்டினாள்.

"சாசேஜ் சிவக்கலை."

திரும்பிப் பார்த்தேன். அண்ணன்தான். எட்டு நாளில் அவர் வாயைத் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

"அது தானா சிவக்கும் அண்ணே" என்ற பெர்னடெட், ஒரு கட்டு நீள ஸ்பகெட்டியை இரண்டு கையாலும் பிடித்துப் படக்கென்று ஒடித்தாள்.

ஸ்பகெட்டியை ஒடிப்பது எங்கள் ஆட்களுக்குப் பெரிய அவமானம்; அதற்குப் பதில் கன்னத்தில் ஓர் அறை விட்டுவிடலாம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

கண்ணைத் திறந்தபோது அவள் குழாய்த் தண்ணீரை ஒரு சொம்பு பிடித்து வாணலிக்கு மேலே கொண்டுபோயிருந்தாள்.

"பச்சைத் தண்ணியா?"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அண்ணன் எழுந்துவிட்டார்.

"தள்ளும்மா. இது சமையலா, தண்டனையா?"

கரண்டியை அவள் கையிலிருந்து பிடுங்கினார். போட்டதையெல்லாம் வழித்தெடுத்து மறுபடி தொடங்கினார். சாசேஜின் தோலை உரித்து, உதிர்த்து, சிவக்க வறுத்தார். பூண்டை நசுக்கிப் போட்டார். காய் வதங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"இந்த ஸ்பகெட்டியை என்ன பண்றது?" என்றாள் பெர்னடெட், மெதுவாக.

"ஒடிஞ்சது ஒடிஞ்சதுதான். ஒட்ட வைக்கவா முடியும்? போடு."

அதே வாணலியில் பாஸ்தாவைப் போட்டு, வெந்நீரைக் கரண்டி கரண்டியாக விட்டார். கறியும் காயும் விட்ட சாற்றையெல்லாம் பாஸ்தா உறிஞ்சிக்கொண்டு கெட்டியானது. காலையில் காபிக் கோப்பையைத் தூக்கக்கூட நடுங்கிய கை அது. இப்போது துளி நடுக்கம் இல்லை. மாதா கோயிலில் நிற்கிற மாதிரி அசையாமல் நின்று பார்த்தேன்.

உப்புப் பார்க்க ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய். பிறகு நின்றபடியே வாணலியிலிருந்து சாப்பிட ஆரம்பித்தார். கண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. துடைக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் வெளியே வந்தோம்.

"உன்னை என்னென்னவோ நினைச்சுட்டேன், மன்னிச்சுக்கோ. வேணும்னேதானே கெடுத்தே?"

"இல்லடி" என்றாள் அவள், கூச்சத்தோடு. "எனக்கு அப்படித்தான் சமைக்க வரும். அது அசுந்தா அக்காவுக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'நான் போயிட்டா அவரு யாரு குடுத்தாலும் தொட மாட்டாரு. நீ என் அடுப்புல, அவரு கண்ணெதிர்ல சமை. நம்ம தெருவுலயே மோசமாச் சமைக்கிறவ நீதான். உன்னை நம்பித்தான் அவரை விட்டுட்டுப் போறேன்'னாங்க."